சாயாவனமும் ஓசூரும்

காட்டைப் பற்றித் தமிழில் கதை எழுதுவது இப்போது சுலபமாகிவிட்டது. ஒரு மலை, ஓர் ஓடை, நாலைந்து மரங்களின் பெயர், அவற்றை வெட்ட வரும் தொப்பை விழுந்த ஒரு காண்டிராக்டர். இவ்வளவு இருந்தால் போதும். கடைசிப் பக்கத்தில் மரம் சாயும். அல்லது மரத்தோடு வளர்ந்த கிழவர் ஒருவர் சாய்வார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் ஆபீசுக்குப் போவார்.

இதற்கு நேர் எதிரான ரகம் ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் கதையாக வருவதில்லை. திறப்பு விழா மலராக வருகிறது. அதில் ஊர் பொட்டலாகக் கிடக்கும், ஆலை வரும், சங்கு ஊதும், எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரியும். முதல் ரகத்தை ஒப்பாரி என்றும் இரண்டாவதை மங்களம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டின் மேலும் எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். ஒப்பாரிக் கதையில் ஆலை வேலைக்குக் காத்திருக்கும் பையன் வாயைத் திறப்பதில்லை. மங்களத்தில், மேய்ச்சல் நிலம் போன மாட்டுக்காரன் வாயைத் திறப்பதில்லை. ஒருவனைப் பேசவிட்டால் கதை கெட்டுவிடும் என்று ஆசிரியர் பயப்படுகிறார். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிற சண்டையைத்தான் நாவல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஒரு தரப்பில் மட்டும் நியாயம் இருந்தால் அதற்குக் கோர்ட்டும் பத்திரிகைத் தலையங்கமும் போதுமே!

காடு அழிப்பவனை வில்லனாகப் பார்க்கும் வழக்கம் ஒன்றும் பழமையானதல்ல. நார்வே நாட்டு நட் ஹாம்சன் 1917-ல் எழுதிய நாவலை, க.நா.சு. ‘நிலவளம்’ என்று தமிழாக்கியது பலருக்கு நினைவிருக்கலாம். அதன் கதாநாயகன் ஐசக் செய்கிற காரியம் என்ன? மனித வாடை இல்லாத காட்டுக்குப் போகிறான். மரத்தை வெட்டுகிறான், கல்லைப் பெயர்க்கிறான், வயல் உண்டாக்குகிறான். ஒவ்வொரு மரம் விழும்போதும் நாம் சந்தோஷப்படுகிறோம். 1920-ல் அந்த ஆசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் அங்கே செம்புச் சுரங்கம் வருகிறது. பணத்தோடு வந்து, கொஞ்ச காலத்தில் மூடிக்கொண்டு போகிறது. ஐசக் மட்டும் தன் மண்ணில் நிற்கிறான். கலப்பைக்காகக் காட்டை அழித்தால் புண்ணியம், சுரங்கத்துக்காகக் குடைந்தால் பாவம் என்பது ஹாம்சன் போட்ட கணக்கு. அதே காட்டில் முன்பே நடமாடிக்கொண்டிருந்த லாப்லாந்துப் பழங்குடிகளை அவர் சந்தேகக் கண்ணோடுதான் காட்டுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய நாவலுக்கும் குருட்டுப் பக்கம் ஒன்று உண்டு.

இந்த விஷயத்தில் தமிழில் கிடைத்த உயர்ந்த படைப்பு என்று நான் கருதுவது சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. 1960களின் இறுதியில் வாசகர் வட்டம் வெளியிட்ட நாவல். எழுதியபோது ஆசிரியருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பும் சிதம்பரம், காவேரிக் கரைப் பக்கத்தில் அடர்ந்து கிடக்கும் ஒரு வனத்தை விலைக்கு வாங்குகிறான். அதை அழித்துக் கரும்பாலை கட்டுகிறான். அவ்வளவுதான். காதல், கொலை, நீண்ட பிரசங்கம் எதுவும் கதையைத் தூக்கி நிறுத்தவில்லை. ஒரு மனிதன் அரிவாளையும் நெருப்பையும் வைத்துக்கொண்டு காட்டோடு மல்லுக்கட்டுவதுதான் நாவலின் பெரும் பகுதி.

இதில் ஆசிரியர் செய்திருக்கும் காரியத்தை நாம் போதிய அளவு வியக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சிதம்பரம் கெட்டவன் அல்லன். ஊரை ஏமாற்றுவதில்லை, சோம்பி உட்கார்ந்து பிறரை ஏவுவதுமில்லை. கொடியை அறுப்பதிலும் முள்ளை விலக்குவதிலும் முதல் ஆளாக நிற்கிறான். காட்டை அவனைப்போல் உற்றுப் பார்த்தவர் அந்த ஊரிலேயே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அழிக்க வந்தவனுக்குத்தான் எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தக் கொடி எதைப் பற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டியிருக்கிறது. அந்த அறிவு முதிர முதிரக் காடு குறைந்துகொண்டே போகிறது. இந்த முரண்பாட்டை ஆசிரியர் ஓரிடத்திலும் விரல் விட்டுக் காட்டுவதில்லை. தீ எரிகிறது, பறவைகளும் பிராணிகளும் மடிகின்றன, அவர் குரல் உயர்வதில்லை. நெல்லைக் கொடுத்துச் சாமான் வாங்கிப் பழகிய ஊரில் ரூபாய் புழங்கத் தொடங்குகிறது. நெல் விளைந்த வயல் கரும்புக்கு மாறுகிறது. அதையும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறார்.

கடைசியில் வருவது புளி. அழிந்த தோட்டத்துப் புளியமரங்கள்தாம் ஊருக்கெல்லாம் புளி கொடுத்துக்கொண்டிருந்தவை. வெளியிலிருந்து வாங்கி வந்து கொடுத்த புளி ருசிக்கவில்லை என்று ஒரு கிழவி குறைப்படுகிறாள். ஒரு வனம் போன நஷ்டம் குழம்பில் தெரிகிறது. பக்கம் பக்கமாகப் புலம்பினாலும் இந்த இடம் நெஞ்சில் இறங்குவதுபோல் இறங்காது. கிழவி சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்தது புளி. அதனால்தான் அவளை நாம் நம்புகிறோம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒரு குறையும் சொல்ல வேண்டும். குறை என்பதைவிட எல்லை என்றால் பொருத்தம். நாவல் ஆலை ஓடத் தொடங்கும் இடத்தோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அந்த ஆலையில் வேலைக்குப் போனவனின் மகன் என்ன ஆனான்? கரும்புப் பணத்தில் ஒரு பெண் படித்தாளா? ஆலைக் கழிவு எந்த வாய்க்காலில் விழுந்தது? சிதம்பரத்தின் பேரன் அந்த இடத்திலேயே மரக்கன்று நட்டு விழா நடத்துகிறானா? இந்தக் கேள்விகளை ‘சாயாவனம்’ கேட்கவில்லை. அதன் காலத்துக்கு அவை எழவும் இல்லை. இன்று எழுதப்பட வேண்டிய இரண்டாம் பாகம் இது. அந்தக் கதை காவேரி டெல்டாவில் நடக்கவேண்டும் என்பதில்லை. அதற்கு வாகான இடம் ஓசூர் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் ஓசூர் என்று கேட்கலாம். கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கிற ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடை வாசலில் பேசப்படும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான். முன்பு சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரி ஜில்லா. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அந்தத் தர்மபுரிச் சீமையின் வறட்சி பிரசித்தமானது. மழை பொய்த்தால் ஜனங்கள் பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலையில் செங்கல் சுமந்தார்கள். இதை மறந்துவிட்டு ஓசூர்த் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசுவது பாதிக் கதை பேசுவதாகும். 1971-ல் உருவான சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980களில் அசோக் லேலண்டின் லாரியும், டி.வி.எஸ். மொபெட்டும், டைட்டன் கைக்கடிகாரமும் அங்கிருந்து புறப்பட்டன. பிறகு ரோஜாப் பண்ணைகள். 2021-ல் போச்சம்பள்ளி அருகே மின்சார ஸ்கூட்டர். ஓசூரை அடுத்து, ஐபோனுக்குக் கூடு செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2022-ல் ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ரயிலேறி வந்தார்கள். காட்டு நாட்டிலிருந்து புறப்பட்டு, இன்னொரு காட்டின் ஓரத்துக்குக் கூலிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாவலாசிரியன் கற்பனை செய்யத் துணியாத திருப்பம் இது.

காட்டின் ஓரம் என்றேன். பன்னார்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் காவேரி வரை நீளும் யானைத் தடம் அது. ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் யானைகள் வயலுக்கு இறங்கும். சில கூட்டங்கள் சானமாவு வரை வந்துவிடும். 1980களில் ஒரு கூட்டம் இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவுக்கே போய்க் குடியேறியது. தலைமுறை தலைமுறையாக யானையைக் கண்டறியாத குடியானவர்கள் அங்கே திகைத்துப்போனார்கள். யானைக்கும் பஞ்சம் பிழைக்கப் போகவேண்டிய காலம் வந்ததுபோலும்.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தளிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி. தகப்பனார் ராகிக் காவலுக்காக இரவெல்லாம் பரணில் விழித்திருக்கிறார். விடியற்காலையில் அவர் இறங்கி வரும்போது மகள் கம்பெனி பஸ்ஸுக்குப் புறப்படுகிறாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டுக்குக் கூரை மாறியது. அவள் போகும் கம்பெனியும், கம்பெனிக்காக வந்த சாலையும், சாலையோரத்து மனைப்பிரிவுகளும், மலையைக் குடையும் கல் குவாரிகளும் யானையின் வழியை நெருக்குகின்றன. நெருங்கிய யானை தகப்பனாரின் ராகியில் இறங்குகிறது. சண்டை எங்கே நடக்கிறது? காட்டுக்கும் நகரத்துக்கும் நடுவில் அல்ல. அந்த வீட்டுத் திண்ணையில். இருவரில் யாரை வில்லனாக்குவீர்கள்?

ஸ்டீன்பெக் 1939-ல் எழுதிய ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் இப்படி ஒரு கட்டம் உண்டு. குத்தகைக்காரனின் வீட்டை இடிக்க வரும் டிராக்டரை ஓட்டுபவன் பக்கத்து வீட்டுப் பையன். நாளைக்கு மூன்று டாலர் கூலிக்காக ஓட்டுகிறான். அவனைச் சுட்டுப் பயனில்லை. ஏவியவனைத் தேடிப்போனால் பாங்கு, பாங்குக்கு மேல் இன்னொன்று என்று அது முடிவில்லாமல் போகிறது. ஸ்டீன்பெக்குக்குக் கோபம் நிறைய உண்டு. ஆனால் டிராக்டர்ப் பையனுக்கும் பசியுள்ள குழந்தைகள் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு மரியாதை வந்ததே அதனால்தான்.

ஓசூரில் யாரைச் சுடுவது என்பது இன்னும் சிக்கலான கேள்வி. தென்பெண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கி, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டில் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிச்சம் அதில்தான் வந்து சேர்கிறது. அந்தப் பெல்லந்தூர் ஏரி 2017-ல் தீப்பிடித்து எரிந்தது; தண்ணீர் எரிந்த கதை உலகமெல்லாம் போயிற்று. மழைக்காலத்தில் ஓசூர்க் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் ஆற்றில் வெள்ளை நுரை மலைபோல் பொங்கி வருகிறது. சில சமயம் தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் பாசனத்துக்குப் போகிறது; அதே ஆறுதான் பிறகு கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் போய்க் கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பெங்களூரைத் திட்டுவது எளிது. நுரையில் தொழிற்சாலைக் கழிவும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் பெரும் பங்கு லட்சக்கணக்கான வீடுகளின் சாக்கடை. நம் உறவினர்களும் நண்பர்களும் குடியிருக்கும் அடுக்கு மாடி வீடுகளில், காலையில் துவைத்த துணியின் சோப்பு. தொப்பை விழுந்த காண்டிராக்டரை எவ்வளவு தேடினாலும் அந்த நுரைக்குள் காணமுடியாது. ஒப்பாரிக் கதை எழுதுகிறவர் இங்கே வந்தால் பேனாவை மூடிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

காட்டைக் காப்பதும் யாரோ ஒருவர் செலவில்தான் நடக்கிறது என்பதை மங்களம் பாடாதவர்களும் மறந்துவிடுகிறார்கள். 2014-ல் இந்தப் பகுதியில் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-ல் காவேரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். யானைக்கு இது அவசியம். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆலம்பாடி மாடுகளைப் பட்டி பட்டியாகக் காட்டில் மேய்த்துப் பிழைத்த குடும்பங்கள் அங்கே உண்டு. 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்கே சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள், தேசியப் பூங்காக்கள் அளவில் சுருக்கியது. சுருக்கிய வட்டத்துக்குள் அகப்பட்டவன் கதி? ஊருக்குள் அவனுக்குப் பட்டியும் இல்லை, கம்பெனியில் அவன் வயதுக்கு வேலையும் இல்லை. காட்டு ஜனங்கள் இரண்டு பக்கத்து அதிகாரத்துக்கும் நடுவில் நசுங்குவதைச் ச. பாலமுருகன் ‘சோளகர் தொட்டி’யில் காட்டினார். அது வேறு மலை, வேறு கொடுமை. ஆனால் காடு என்பதை மரம் என்று மட்டும் படிக்கிறவர்களுக்கு அது நல்ல மருந்து.

இரண்டு நியாயங்கள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023 மார்ச்சில், தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே, ஒரு விவசாயி பயிரைக் காக்கச் சட்ட விரோதமாக மின்வேலி போட்டிருந்தார். மூன்று பெண் யானைகள் அதில் சிக்கி இறந்தன. குட்டிகள் இரண்டு உயிரோடு நின்றன. விவசாயி கைதானார். பத்திரிகைகளில் அந்தக் குட்டிகளின் படம் வந்தது, பார்த்தவர்கள் பதறினார்கள். பதறியது சரி. எனக்குத் தோன்றியது இது: அந்த மனிதர் முந்தைய இரவுகளில் எத்தனை நாள் தூங்கவில்லை? போன வருஷம் எவ்வளவு விளைச்சல் இழந்தார்? நஷ்டஈட்டுக்கு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார்? இவற்றைத் தெரிந்துகொள்வதால் அவர் செய்தது நியாயமாகிவிடாது. யானைகள் செத்தது செத்ததுதான். ஆனால் இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணீர் விடுகிறவர், அடுத்த வேலி போடப்படுவதைத் தடுக்க எதுவும் செய்யவில்லை.

‘இரண்டு பக்கமும் நியாயம் என்று சொல்லிவிட்டு, ஆசிரியன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா?’ என்று வாசகர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். கூடாது என்பதே என் பதில். நடுநிலை என்ற பெயரில் எழுதப்படும் வழவழாக் கதை மூன்றாவது ரகம். முன் சொன்ன இரண்டையும்விட மோசமானது. ஆலை வேண்டுமா, காடு வேண்டுமா என்று கேட்பது பட்டிமன்றம். அந்தக் கேள்வி ஓசூரில் எப்போதோ தீர்ந்துவிட்டது, இரண்டும் வேண்டும். மிச்சமிருப்பது, செலவை யார் பற்று எழுதிக்கொள்வது என்ற கேள்வி. இதுவரை அது தளி மானாவாரிக்காரன் பேரிலும், பட்டி மாட்டுக்காரன் பேரிலும், நுரைத் தண்ணீர் பாய்ச்சும் குடியானவன் பேரிலும், யானை பேரிலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், கடிகாரம் கட்டுகிறவர், கல்யாணத்துக்கு ஓசூர் ரோஜா வாங்குகிறவர், சமையல் மேடைக்குக் கிருஷ்ணகிரிக் கருங்கல் பதிக்கிறவர் ஆகிய நம் பேரில் ஒரு காசுகூட ஏறவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவைப் பொருளின் விலையில் சேர்த்தால் நாம் முணுமுணுக்கிறோம். யானை தின்ற ராகிக்கு உரிய காலத்தில் உரிய தொகை கொடுக்க வரிப்பணம் போகிறது என்றால் முகம் சுளிக்கிறோம். குட்டி யானைப் படத்துக்கு மட்டும் தாராளமாக உருகுகிறோம்.

இந்தக் கணக்கைத் திறந்து காட்டுவதுதான் நாவலாசிரியன் எடுக்கவேண்டிய பக்கம். அதைப் புள்ளிவிவரமாகக் காட்ட வேண்டியதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் நீலகிரிக்கு வந்தது, மின்துறைப் பொறியாளரான கணவரின் உத்தியோகம் காரணமாக. வந்தவர் படகர் குடும்பங்களோடு பழகி, தேயிலையும் படிப்பும் பணமும் ஒரு சமூகத்துக்குள் நுழைகிற விதத்தை ‘குறிஞ்சித்தே’னில் எழுதினார். மின்சாரம் கொண்டுவந்தவர்களின் வீட்டிலிருந்தே அந்த மலையின் கதை வந்தது. அதுபோல ஓசூரின் கதையும் கம்பெனிக் குடியிருப்பிலிருந்தோ, ஷிப்டு முடிந்து திரும்பும் ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகத்திலிருந்தோ வரக்கூடும். வெளியிலிருந்து போய் இரண்டு நாள் தங்கி மலையைப் பார்த்து உருகுகிறவர்களிடமிருந்து வராது.

அப்படி எழுதப்போகிறவருக்கு ஒரே ஒரு யோசனை. யானையை முதல் அத்தியாயத்தில் கொண்டுவராதீர்கள். முதலில் ராகி விதைக்கட்டும், மகளுக்கு வேலை கிடைக்கட்டும், கூரை மாறட்டும். வாசகர் அந்த வீட்டுக்காரராகவே ஆகி, அறுவடைக்கு நாள் எண்ணத் தொடங்கட்டும். அதற்குப் பிறகு யானை வந்தால், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசும் எவ்வளவு பணமும் வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.